உப்புப் பார்க்க ஓர் ஆள்

— ஓவன் கதவுலேர்ந்து கையை எடு.

— சும்மா பார்த்தேன் அண்ணி.

— காலையிலேர்ந்து நீ சும்மா பார்த்ததுலயே பாதி சூடு வெளியே போயிருச்சு. சமையலறையில நிக்க முடியல.

— குத்திப் பார்த்தேன். கறி கல்லு மாதிரி இருக்கு. அந்த கேண்டீன் மேனேஜர் மத்தியானம் வந்து உட்கார்ந்தா எதைக் கொடுக்கிறது... சுத்தியலா?

— வேகும்.

— வீடு தேடி வந்து சாப்பிட்டுப் பார்த்துட்டு வேலை தர்றேன்னு சொன்ன மனுஷன். அவருக்குப் பல்லு உடைஞ்சா வேலை கிடைக்காது. தீயைக் கொஞ்சம் கூட்டட்டுமா?

— கூட்டினா முறுக்கிக்கும். பன்னித் தோள் கறி அப்படித்தான். பாதி வழி வந்து, இனி ஒரு அடி நகர மாட்டேன்னு உட்கார்ந்துக்கும். அப்போ அதட்டக் கூடாது. அது பாட்டுக்கு விட்டுட்டு நம்ம வேலையைப் பார்க்கணும்.

— அண்ணனுக்குச் செய்யற மாதிரி.

— உங்கண்ணன் இவ்வளவு சீக்கிரம் இளக மாட்டார்.

— நாள் பூரா கறி வெட்டுற கடையில நிக்கிறவ நான். எனக்கே பாடம் எடுக்கறீங்க.

— நீ வெட்டித்தானே கொடுக்கற. அதுக்கப்புறம் அது என்ன ஆகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— ...அதுவும் சரிதான்.

— எலும்போட கொண்டு வந்தியே, அது நல்லதாப் போச்சு. எலும்பு தானா கழண்டு வந்தா வெந்துருச்சுன்னு அர்த்தம்.

— அண்ணி... ஒண்ணு கேக்கட்டா?

— வேண்டாம்னா விட்டுடுவியா?

— என்ன வேணா சமைச்சு வைங்கன்னுதானே அவர் சொன்னார். ரெண்டு மீனை வறுத்து வச்சிருந்தா முடிஞ்சது. எதுக்கு இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டீங்க?

— மீனை எல்லாரும் வறுப்பாங்க.

— அதில்ல.

— இதுல முள்கரண்டியை விட்டுத் திருகினா நார் நாராப் பிரியணும். பிரிஞ்சா சரி. பிரியலைன்னா சரியில்ல. கண்ணாலயே பார்த்துக்கலாம். எனக்கு அது பிடிச்சிருக்கு.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. முன்னெல்லாம் எங்கயோ பார்த்துக்கிட்டு சமைப்பீங்க. இப்போ உங்க கையையே பார்த்துக்கிட்டு சமைக்கறீங்க.

— அது பாட்டுக்கு எடுக்குது, போடுது. நான் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கிற மாதிரி இருக்கு... விடு. தட்டு அடியில வடிஞ்சிருக்கிற சாறை எடு. மேல மிதக்கிற கொழுப்பை நீக்கிட்டு இந்தப் பாத்திரத்துல ஊத்து.

— இதுல என்ன இருக்கு?

— தக்காளி, வினிகர், சர்க்கரை, பூண்டு, கடுகுப் பொடி, மிளகாய்த்தூள். கறியைக் கிழிச்சதும் இதுல பிரட்டி, பன்னுக்குள்ள வச்சுக் கொடுக்கணும். கொதிச்சதும் நீ உப்புப் பாரு.

— நீங்களே ஒரு தடவை பாருங்களேன்.

— காலையிலேர்ந்து இது பக்கத்துலயே நிக்கிறேன். நாக்கு மரத்துப் போயிருக்கும். எப்பவும் நீதானே பார்க்கற.

— ...பார்த்துட்டேன்.

— அதுக்குள்ளயா?

— நாக்குக்கு எவ்வளவு நேரம் வேணும்?

— உப்பு?

— சரியா இருக்கு.

— புளிப்பு?

— சரியா இருக்கு.

— இனிப்பு தூக்கலா இல்லையே?

— சரியா இருக்கு அண்ணி.

— ஒண்ணாவது சரியில்லன்னு சொல்லேன். கேட்கிறவளுக்கு நம்பிக்கை வரும்.

— கொஞ்சம்... சூடா இருக்கு.

— போடி.

— அண்ணி, பால்.

— எந்தப் பால்?

— உங்க முதுகுக்குப் பின்னாடி, அடுப்புல. பொங்கி, வழிஞ்சு, அடிப்பிடிச்சு, இப்போ பாத்திரமே கரியுது.

— ...தெரியும். அணைக்கலாம்னுதான் இருந்தேன்.

— பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திட்டார்.

— அவருக்கு எப்பவும் வெளிச்சம் ஆகாது.

— நான் நம்ம ஜன்னலைத் திறந்து விடறேன்.

— ரொம்ப... வருதா?

— கொஞ்சம்.

— ஏண்டி... இந்த வேலை கிடைக்கலைன்னா?

— கிடைக்கும்.

— ஜுரத்துல படுத்து எழுந்ததுக்கு அப்புறம் பழைய ஹோட்டல்ல கூப்பிடவே இல்ல. இதுவும் போச்சுன்னா நான் சமையல்காரியே இல்ல. வீட்டுல ஆக்கிப் போடுறவ, அவ்வளவுதான்.

— அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர் சாப்பிடறோம். எங்களைப் பார்த்தா மனுஷங்களாத் தெரியலையா?

— நீங்க பசிக்குச் சாப்பிடறவங்க. காசு கொடுத்து ஒருத்தன் தட்டைக் காலி பண்ணணும். அப்போதான் எனக்கு நான் இருக்கேன்னு தெரியும்... வெளியே எடு. மெதுவா. எலும்பைப் பிடிச்சு இழு.

— கையோட வந்துருச்சு.

— காட்டு.

— இந்தாங்க. ஒரு நார் கூட ஒட்டலை.

— முள்கரண்டியை விட்டுத் திருகு.

— ...பஞ்சு மாதிரி பிரியுது அண்ணி.

— இப்போ கிழிக்காதே. மூடி வை. சூட்டோட கிழிச்சா சாறெல்லாம் தட்டோட போயிரும். கொஞ்சம் இளைப்பாறட்டும்.

— காலையிலேர்ந்து படுத்தே கிடந்தது. அதுக்கென்ன இளைப்பாறல்?

— அரை மணி ஆச்சு. இளைப்பாறினது போதும், எடுத்துக் கிழி... ரொம்பப் பொடியா வேண்டாம். விரல் நீளத்துக்கு. சாறுல பிரட்டு... பெல் அடிக்குது. நீ போ. இல்ல, நான் போறேன். உன் தலையைச் சரி பண்ணு.

— வேலை உங்களுக்கா, எனக்கா?

— வாங்க சார், உட்காருங்க. இவ என் நாத்தனார்.

— வணக்கம்மா. படியேறும்போதே ஏதோ தீஞ்ச வாசம் வந்துச்சே.

— அடுத்த வீட்டுல சார்.

— ஏண்டி, தட்டை வச்சுட்டு வந்தியா? மெதுவாப் பேசு. என்ன பண்றார்?

— சாப்பிடறார்.

— மூஞ்சி எப்படி இருக்கு?

— அதுலதான் சாப்பிடறார்.

— உயிரை வாங்காதே. என்ன சொன்னார்?

— ஒண்ணும் சொல்லலை. பன்னைத் தள்ளி வச்சுட்டுக் கறியை மட்டும் எடுத்துக்கிறார்.

— பன் சரியில்லையோ?

— பன்னைப் பார்க்க அவருக்கு நேரமில்ல.

— அம்மா... இந்தக் கறி உள்ளே இன்னும் இருக்கா?

— இருக்கு சார். இதோ கொண்டு வர்றேன்.

— போதும், போதும், இதுக்கு மேல வைக்காதீங்க. நான் அதிகம் பேசறவன் இல்லம்மா. இதுல கூட்டவும் ஒண்ணுமில்ல, குறைக்கவும் ஒண்ணுமில்ல. திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க.

— சார்...

— ஒரு விஷயம். சமைச்சவங்க மட்டும் சரின்னு சொன்னா எங்க சமையலறையிலேர்ந்து பாத்திரம் வெளியே போகாது. கூட ஒருத்தர் ருசி பார்க்கணும். உங்களுக்கு யார் பார்க்கிறது?

— இவதான் சார். எப்பவும் இவதான்.

— அப்போ அவங்களையும் கூட்டிட்டு வாங்க. உதவிக்கு ஆள் வேணும்தான். வர்றேன்மா.

— போயிட்டு வாங்க சார்... கதவைச் சாத்துடி.

— சாத்திட்டேன்.

— உட்காரு. கறிக்கடையை விட்டுடு. என்கூட வா.

— அண்ணி, அது வந்து...

— நான் சொல்லி முடிச்சுடறேன், அப்புறம் நீ பேசு. ஜுரத்துக்கு அப்புறம் எனக்கு வாசம் தெரியல. ருசியும் தெரியல. உப்பைப் போட்டாலும் சர்க்கரையைப் போட்டாலும் வாயில மணல் மாதிரிதான் இருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. உங்கண்ணன்கிட்ட கூட.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— கடை முடிஞ்சு வந்து உங்க பக்கத்துல உட்காருவேனே. முன்னெல்லாம், நாத்தம் தாங்கல, போய்க் குளிடின்னு விரட்டுவீங்க. ஜுரத்துக்கு அப்புறம் ஒரு நாள் கூட விரட்டலை.

— ...நீ திருந்திட்டேன்னு நினைச்சேன்.

— சோப்பு கூட மாத்தலை.

— தெரிஞ்சும் நீ ஒரு வார்த்தை கேட்கலை.

— நீங்க சொல்லலை.

— சரி. ஆக, உன் நாக்கை வச்சுத்தான் நான் இத்தனை நாளும் சமைச்சிருக்கேன். இன்னிக்கும் அப்படித்தான். நீ வரலைன்னா நானும் போகலை. அவ்வளவு பெரிய பாத்திரத்து முன்னாடி என்னால தனியா நிக்க முடியாது.

— நான் எப்படி அண்ணி வர்றது?

— ஏன்? கடையை விட்டு வர மனசில்லையா?

— இத்தனை நாளும் தனியாத்தான் நின்னீங்க அண்ணி. கறிக்கடையில சேர்ந்ததுலேர்ந்து, கறி வாடை பட்ட எதையும் என்னால வாயில வைக்க முடியல. கரண்டியை உதடு வரைக்கும் கொண்டு போவேன், சரியா இருக்குன்னு சொல்லிட்டுக் கீழே வச்சுடுவேன். நீங்க ஆசையாப் போட்ட என் பங்கெல்லாம் அண்ணன் தட்டுக்குத்தான் போச்சு. ஒரு கல்லு உப்பு குறைஞ்சாலும் தட்டைத் தள்ளி வைக்கிற மனுஷன், ரெண்டு பங்கையும் வழிச்சுச் சாப்பிட்டுட்டு எழுந்து போனார்... அவர் சட்டைப் பொத்தான் தெறிக்கத் தெறிக்க நீங்கதானே உட்கார்ந்து தைச்சீங்க.