நிற்கும்போது எடுக்காத படம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எலும்பு மருத்துவர் அம்மையார் அவர்களே, அனுபவத்தில் பழுத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நல்லவர்களே, வணக்கம்.

இந்தப் புதிய ஸ்கேன் கூடத்தைப் புகழ்ந்து பேச அழைத்தார்கள். புகழ்கிறேன். இயந்திரம் பெரிது. இரைச்சல் பெரிது. அதைக் கண்டதும் நோய் அஞ்சி ஓடும் என்று நம்புவோரின் கூட்டம் அதனினும் பெரிது. அக்கூட்டத்தில் என் குடும்பமும் உண்டு.

என் அக்கா ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். வாங்க வருவோர்க்கு மெத்தை இருக்கை, விற்போர்க்கு வெறுந்தரை. ஒருநாள் துணிக்கட்டோடு ஏணியிலிருந்து இறங்கியபோது பாதம் மடங்கியது. வீக்கம் வடிந்தது, வலி வடியவில்லை. நின்றால் வலி, நடந்தால் வலி, படுத்தால் இல்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எப்படி? படுக்கவைத்து. பகலெல்லாம் நின்றவளிடம் "படுத்துக்கோங்கம்மா" என்றால் மறுப்பாளா? வலி இல்லாத நிலையில் வைத்து வலியைத் தேடினார்கள். படம் அழகாக வந்தது. குறையில்லை என்றார்கள்.

அத்தான் விடவில்லை. "எக்ஸ்ரேல என்ன தெரியும்? பெருசா ஒண்ணு எடுப்போம்" என்றார். கெஞ்சிக் கூத்தாடி முதுகுக்கு ஸ்கேன் எடுக்கவைத்தார். வலி பாதத்தில், படம் முதுகில். முன்வரிசை ஐயா சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியோர் ஸ்கேன் உறை இருக்கும்.

முதுகும் நன்றாகவே இருந்தது. அன்றுமுதல் வலி என்று சொல்லும் அக்காவின் வாய்தான் நோய் என்றானது.

"படத்துல ஒண்ணுமில்லையே, அப்புறம் எங்கதான் வலிக்குது?" என்றார் அத்தான்.

"கால்லதாங்க."

"கால்ல இருந்தா தெரிஞ்சிருக்காதா?"

கடை மேலாளர் இன்னும் கனிவானவர். "உங்க முதுகு என் முதுகைவிட நல்லா இருக்காமே. மேல்மாடியில ஆள் இல்ல, போய் நில்லுங்க."

நின்றாள். வலியோடு நின்றாள். பொய்க்காரி என்ற பெயரோடு நின்றாள். பாதத்தின் வளைவு தட்டையாகும்வரை நின்றாள்.

பிறகுதான் நம் தலைவர் அவர்களிடம் வந்தாள். அவர் கேட்டது ஒன்றுதான். "எப்பம்மா வலிக்குது?"

"நிக்கும்போது டாக்டர்."

"அப்ப நின்னுக்கிட்டே எடுப்போம்."

அதே பழைய எக்ஸ்ரே. உடல் பாரம் இறங்கியதும் நடுப்பாத எலும்புகள் விலகி நின்றன. அவற்றைக் கட்டிப்பிடித்திருந்த நார், ஏணியில் பாதம் மடங்கிய அன்றைக்கே அறுந்திருக்கிறது. அதற்குள் மூட்டும் தேய்ந்துவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் என்று கேட்டேன். தலைவர் தலைகுனிந்து படத்தை உறைக்குள் வைத்தார். இப்போதும் தலைகுனிந்துதான் அமர்ந்திருக்கிறார்.

பெரியோர்களே, நாள்பட்ட பாதவலிக்கு முதலில் எளிய எக்ஸ்ரே, முடிந்தவரை நின்றபடி. அதில் பிடிபடாவிட்டால், மருத்துவரின் ஐயம் நாரின்மீதா, எலும்பின் உள்வெடிப்பின்மீதா என்பதைப் பொறுத்து அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ. அதை அவர் முடிவு செய்யட்டும். எங்கே வலி, எப்போது வலி என்று நீங்கள் சொல்லுங்கள். படத்தில் இல்லாதது உடலிலும் இல்லை என்று மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

அன்று அக்கா அந்தப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இப்பவாவது தெரியுதாங்க?" என்றாள். அத்தான் வெகுநேரம் படத்தையே பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று அக்காவையும் அழைத்திருந்தார்கள். வந்தாள். கூடம் மாடியில் இருக்கிறது, படி ஏற முடியவில்லை. கீழே, வாசலில், கைத்தடியோடு நின்றுகொண்டு ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அமர்ந்து கேட்டவர்களுக்கு நன்றி. நின்று கேட்டவர்களுக்கு என் வணக்கம். இறங்கிப் போகும்போது யாராவது அவளுக்கு ஒரு நாற்காலி எடுத்துச் செல்லுங்கள்.