கட்டைவிரலில் ஒரு சுரம்

அக்கா: சிரிக்காம கேளு. இப்ப சரியா?

தம்பி: ம்ஹூம்... துருப்பிடிச்ச கதவத் திறந்த மாதிரி இருக்கு.

அக்கா: கிட்டார்ல பல சுரத்தச் சேத்து அடிக்கிற இந்தக் கார்டே அப்படித்தானடா! கோணலாத்தான் இருக்கணும்னு நீதான சொன்னே.

தம்பி: கோணல் வேற, கலங்கல் வேற. சாதா ஜி செவன் கார்ட எடுத்துக்கோ. அதுல அஞ்சாவது சுரத்த அரைச்சுரம் ஏத்துறோம், ஒன்பதாவத அரைச்சுரம் எறக்கிச் சேக்குறோம். கேக்குறவனுக்கு முள்ளு மேல உக்காந்த மாதிரி இருக்கணும். அடுத்து சி கார்டு வந்ததும்தான் அவன் மூச்சு விடணும்.

அக்கா: அதத்தான செய்றேன்! மூணாவது கட்டத்துல ஒரு கம்பி, நாலாவது கட்டத்துல ஒரே விரல்ல மூணு கம்பி...

தம்பி: அந்த நாலு போதும். தடிச்ச கம்பியில எதுக்கு ஜி சுரத்தையும் அமுக்குற?

அக்கா: ஜி செவன்ல ஜி இல்லாமலா?

தம்பி: அத வாசிக்கத்தான நான் பேஸ் கிட்டார மாட்டிக்கிட்டு பக்கத்துல நிக்கிறேன். ரெண்டு பேரும் அதையே அடிச்சா, நாம வாசிக்கிற ஹோட்டல்ல சாப்பிடுறவங்களுக்கு கொழகொழன்னுதான் கேக்கும். இத்தன வருஷமா சேந்து வாசிக்கிறோம், இது தெரியாதா உனக்கு?

அக்கா: தெரியும்... மறந்துபோச்சு.

தம்பி: மறுபடி வாசி... பாரு, திரும்ப அதே ஜி!

அக்கா: கை தானா போகுதுடா.

தம்பி: தானா போகாதுக்கா. அதுக்கு கிட்டார் கழுத்துக்கு மேல கட்டைவிரல வளைச்சுக் கொண்டுவரணும். எங்க, கையக் காட்டு.

அக்கா: எதுக்கு?

தம்பி: காட்டுன்னா... கட்டைவிரல் இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு! இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல.

அக்கா: மருந்துக்கடையில அட்டைப்பெட்டி தூக்குறேன்ல, அதான்...

தம்பி: இடது கட்டைவிரல்ல மட்டும் தூக்குவியோ? நல்லா கத விடுற... நான் இல்லாம வாசிக்கப் பழகுற. அப்படித்தான?

அக்கா: ஒரு நாள் உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தா...

தம்பி: அக்கா.

அக்கா: சரிடா. கப்பல்ல வாசிக்கிற குழு உன்னக் கூப்பிட்டிருக்கு. நீயா வாயத் திறப்பேன்னு பாத்தேன். திறக்கல.

தம்பி: உனக்கு எப்படி... நான் கேக்கவே இல்லக்கா. அவங்களாத்தான் கூப்பிட்டாங்க. சொல்லி என்ன ஆகப்போகுது? நீ தனியா வாசிச்சா பாதிப் பாட்டு வெறிச்சோடிக் கிடக்கும். அத நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு.

அக்கா: பேசாம இதக் கேளு...

தம்பி: ஓ... பேஸையும் கட்டைவிரலே வாசிக்குது!

அக்கா: எங்க வெறிச்சோடியிருக்கு? சொல்லு.

தம்பி: இல்ல... முழுசா இருக்கு. சி-க்கு வந்ததும் எனக்கே மூச்சு வந்துச்சு.

அக்கா: நீ போனா நான் அழுவேன்தான். அத நான் பாத்துக்குறேன். ஆனா என்னால நீ போகாம நின்னுட்டேன்னா, ஆயுசுக்கும் எனக்கு அது உறுத்தும்டா.

தம்பி: லேட்டுக்கா. வரலைன்னு காலையிலயே அவங்ககிட்ட சொல்லிட்டேன்.

அக்கா: அதுவும் தெரியும். உன் வாசிப்ப அவங்களுக்கு அனுப்புனதே நான்தான். நீ வரலைன்னதும் எனக்குத்தான் ஃபோன் பண்ணாங்க... "அவன் அப்படித்தான் சொல்லுவான், வருவான்"னு சொல்லிட்டேன்.