பிராந்தியின் நிறம்

நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை ஐயா. எங்கள் மையத்தில் இருந்த எந்தப் பையனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "தசரதன் சார் சத்தமே போடமாட்டாரு" என்றுதான் சொல்வான்.

முன்பு ஒரகடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்ததும் குடி. ஒன்பது வருடம் அப்படியே போனது. மாத்திரை, கோயிலில் கட்டிய கயிறு, எதற்கும் நான் மசியவில்லை. கடைசியில் என் மனைவி அம்சவல்லியும் அவள் அண்ணனும் என்னைத் தூணில் கட்டிப்போட்டு, மாவு மில்லில் கழற்றிப்போட்ட பெல்ட்டால் ஆறு நாள் அடித்தார்கள். ஏழாம் நாள் அவிழ்த்துவிட்டபோது எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை. அடித்தால் குடி போகும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதுகில் இருக்கிறது.

போன வருடம் ஆடி மாதம், தண்டலத்துக்குப் பக்கத்தில் மூன்று காலேஜ் பையன்கள் ஒரே பைக்கில் வந்து, நின்றுகொண்டிருந்த கண்டெய்னர் லாரியின் பின்னால் மோதினார்கள். மூவரும் குடித்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வந்த நான்தான் முதலில் அங்கே ஓடினேன். ஒருவனுடைய தலையை மட்டும் தனியாக என் துண்டில் சுற்றி எடுத்து ஆம்புலன்ஸில் வைத்தேன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டேன். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு லாட்ஜைப் பிடித்து, குடி மறுவாழ்வு மையம் ஆரம்பித்தேன். லைசென்ஸ் வாங்கவில்லை, அது உண்மை. காலேஜ் பையன்களை மட்டும்தான் சேர்த்துக்கொண்டேன். ஹாஸ்டல் வார்டன்களே போன் செய்வார்கள். அப்பாக்களே கொண்டுவந்து விடுவார்கள்.

ரகுவையும் அவன் அப்பா வெங்கடேசன்தான் குன்றத்தூரிலிருந்து அழைத்துவந்தார். ஹாஸ்டலில் அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு பிராந்தி பாட்டில் கிடைத்திருந்தது.

"அடிச்சாலும் பரவால்ல சார், திருத்திக் குடுத்துடுங்க" என்றார். அதைச் சொல்லும்போது மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று உடனே கிளம்பிப் போனார்.

குடித்ததே இல்லை என்றான் ரகு. முதல் நாள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். தினமும் காலையில் அத்தனை பேரையும் கூடத்தில் உட்காரவைப்பேன். ஒவ்வொருவனாக எழுந்து, தான் குடித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாதவனுக்கு அதே மில் பெல்ட்டால் அடி. மற்ற பதினான்கு பேரும் இரண்டு மூன்று நாளில் வழிக்கு வந்தவர்கள்தான். இவன் மட்டும் எழுந்து நின்று, "குடிக்காதத எப்புடி சார் குடிச்சேன்னு சொல்றது?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். முதல் நாள் முதுகில் அடித்தேன். தோல் உரிந்துவிட்டதால் இரண்டாம் நாள் தொடையில். மூன்றாம் நாள் உள்ளங்காலில்.

நாலாம் நாள் அவனுடைய ஹாஸ்டல் அறைத்தோழன் நிலவன் வந்தான். வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டான்.

"அது என் பாட்டிலு சார். செக்கிங் வராங்கன்னு அவன் கட்டிலாண்ட தள்ளிவுட்டேன். அவன் மோந்துகூடப் பாத்ததில்ல. வுட்ருங்க சார் அவன."

தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவன் சொன்னது உண்மை என்று முகத்திலேயே தெரிந்தது. அடுப்படியிலிருந்து அம்சவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா யோசிக்கற? அந்தப் புள்ளய வுடு. வூட்டுக்குப் போவட்டும்" என்றாள்.

நான் யோசித்தது இதுதான். பதினான்கு பேரும் ஜன்னல் வழியாக நிலவனைப் பார்த்துவிட்டார்கள். ரகுவை விட்டால் மறுநாள் ஒவ்வொருவனுக்கும் ஒரு நண்பன் வருவான், பாட்டில் என்னுடையது என்பான். எல்லோரும் வெளியே போய் மறுபடி குடித்துவிட்டு பைக்கை எடுப்பார்கள். ஒருவனுக்காகப் பதினான்கு பேரைச் சாகவிட முடியுமா? ரகு எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு முறை ஒப்புக்கொண்டுவிட்டால் போதும், மறுநாளே அனுப்பிவிடுவேன். இதை அவனிடமே சொன்னேன். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

ஆறாம் நாள் காலை அவனுடைய இடது கை முழங்கைக்குக் கீழே உடைந்தது. கூடத்தில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அப்போதுதான், "குடிச்சேன் சார்" என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெல்ட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்களிடம் கேட்பதையே அவனிடமும் கேட்டேன். எங்கே குடித்தாய், எவ்வளவு, பிராந்தி என்ன நிறத்தில் இருந்தது.

வெகுநேரம் யோசித்தான். சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பாவம் முயன்றான்.

"தண்ணி கலரு சார்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். இன்னொருவனும் சிரித்தான். ஆறு நாளும் நான் அடித்துக்கொண்டிருந்தது குடிக்காத ஒருவனை என்று அந்தச் சிரிப்பில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதை அப்படியே விட முடியாது.

பொய் சொல்லாதே என்றேன். அவன் பச்சை என்றான். பிறகு சிவப்பு என்றான். பெல்ட்டை விட்டு, கதவோரம் கிடந்த இரும்புக் கம்பியை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை என்று நான் சொல்லலாம். நினைவிருக்கிறது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில். கடைசியில், வாயில் ரத்தத்தோடு, "பிரவுனு சார்" என்று சரியாகவே சொன்னான். அங்கே நான் கையை நிறுத்தியிருக்கலாம். ஊகித்துச் சொல்வதை எப்படி ஒப்புதலாக எடுத்துக்கொள்வது? அதன்பிறகு நான் நாலு அடி அடித்தேன். மூன்று தலையில் விழுந்தன.

அம்சவல்லி செருப்புகூடப் போடாமல் உங்கள் ஸ்டேஷனுக்கு ஓடிவந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

கொன்றது நான்தான். குடிக்காதவன் என்று தெரிந்தேதான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதினான்கு பேரையும் கூப்பிட்டு, இனி பாட்டிலைத் தொடுவீர்களா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் எழுதுங்கள். அப்படியே கீழே இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் ஐயா: என் கைக்கு வந்த பிள்ளைகளில் ஒருவன்கூட இதுவரை குடித்துச் சாகவில்லை.