நல்லா ஓடற போட்ட ஏன் விக்கறீங்க

அவரா? அவரு இந்தப் போட்டப் பாத்துக்கறவரு சார். நீங்க வரும்போது பையத் தூக்கிட்டு எதுத்தாப்ல போனாரே, அவரத்தான கேக்கறீங்க? வாட்ச்மேன்னு வெச்சுக்கங்களேன். கடைக்கு அனுப்பியிருக்கேன், வர நேரமாகும். நீங்க நிதானமா பாருங்க. அந்தப் பலகைல மட்டும் கால வைக்காதீங்க, ஈரமா இருந்தா வழுக்கித் தண்ணில தள்ளிவிட்ரும்.

எஞ்சினா, இருங்க, போட்டுக் காட்டறேன். மொதத் தடவ சாவியத் திருப்புனா முனகும், அடுத்த தடவ இருமும், அப்புறந்தான் எந்திரிக்கும். எங்க வீட்ல காலைல எல்லாரும் எந்திரிக்கறதும் அப்படித்தான், அதனால எனக்கு இது ஒரு கொறையாவே தெரியல. ஆங், பிடிச்சிருச்சு பாருங்க. ஒரு தடவ பிடிச்சிட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்காது. புகையா? பழைய எஞ்சின்னா கொஞ்சம் வரத்தான் செய்யும். அடில மரமெல்லாம் கெட்டி. முன்பக்கம் ஒரு எடத்துல மட்டும் ஊறிப்போயிருந்துச்சு, அத வெட்டிட்டு வேற பலகை வெச்சாச்சு. வெச்சதா? அவருதான், அந்த வாட்ச்மேன்தான். கைவேலை கொஞ்சம் தெரியும். ரொம்பல்லாம் தெரியாது, பாருங்க, பெயிண்ட்டு ரெண்டு நெறமா நிக்குது.

நல்லாத்தான ஓடுது, ஏன் விக்கறீங்கன்னா? ஓடறத விக்கக் கூடாதா சார்? வயசாயிருச்சு இதுக்கு, டீசல் குடிக்குது. அப்புறம் இந்தப் படகுத் துறைல ஒரு சட்டம், ஒரு உறுப்பினருக்கு ஒரு போட்டு கட்டத்தான் எடம். நான் புதுசு ஒண்ணு பேசி முடிச்சிட்டேன். புத்தம்புதுசு இல்ல, ஒருத்தரு கொஞ்ச வருஷம் ஓட்டுனது. அவரு ஷெட்ல டிரெய்லர் மேல நிக்குது. இது எடத்தக் காலி பண்ணாத்தான் அது தண்ணிக்கு வரும். இந்த வாரத்துக்குள்ள எடுக்கலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னுட்டாரு. அதான் அவசரம். இதுல ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

கேபினா? அது சின்னதுதான் சார், வெளில இருந்தே தெரியுதே. இல்ல, பூட்டெல்லாம் போடல. சரி, பாருங்க. தலையக் குனிஞ்சு எறங்குங்க. ரெண்டு பேரு நீட்டிப் படுக்கலாம். இந்தப் பக்கம் ஸ்டவ்வு, அதுக்கு அடில தண்ணி டேங்க்கு. அத விட்ருங்க, அது ஷேவிங் சாமான். ஆமா, அவரோடதுதான். சட்டையும் அவரோடதுதான். போர்வை, மாத்திரை டப்பா, அந்தக் காலண்டர், எல்லாம்தான். இங்கதான் தங்கறாரு சார்.

காவலுக்கா? இல்ல. உக்காருங்க சார், நானும் உக்காந்துக்கறேன்.

அவரு என் அண்ணன். கூடப்பொறந்த அண்ணன்தான். ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்ல இருந்தாரு. ஆபீஸ மூடிட்டாங்க. கல்யாணம் காட்சின்னும் ஒண்ணும் பண்ணிக்கல, வாடக வீட்டக் காலி பண்ணிட்டு ஒரு பெட்டியோட வந்து நின்னாரு. நாலு நாளைக்குப் போட்ல இருங்கண்ணே, காத்தோட்டமா இருக்கும்னு நான்தான் சொன்னேன். அந்த நாலு நாளுதான் ரெண்டாவது வருஷமா ஓடுது. வீட்ல எடம் இல்லாமயா? மாடில ஒரு ரூம்பு சும்மா கெடக்கு. கூட்டிட்டு வாங்க, கூட்டிட்டு வாங்கன்னு என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி அலுத்துட்டா. அவ மேல பழியப் போட முடியாது.

சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல சார். சொன்னாச் சிரிப்பீங்க. சின்ன வயசுல எனக்கு எப்பவும் மூக்கு ஒழுகிட்டே இருக்கும், அதனால மூக்கான்னு கூப்பிடுவாரு. இங்க வந்தும் அதே மூக்கான்தான். நான் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன், துறைக் கமிட்டில இருக்கேன், நாலு பேரு மதிச்சுப் பேசற ஆளு. இவரு அந்தக் கோடில நின்னு டேய் மூக்கான்னு கத்துவாரு. எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஒரு நாள் கமிட்டித் தலைவரு வந்திருந்தாரு, கூட ரெண்டு மூணு பேரு. இங்கதான் நின்னு பேசிட்டிருந்தோம். இவரு கிழிஞ்ச பனியனோட தரையத் தேச்சுக் கழுவிட்டிருந்தாரு. யாரு, வாட்ச்மேனான்னு தலைவரு கேட்டாரு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அண்ணன்தான் நிமிந்து பாத்துட்டு, ஆமாங்கய்யா, ராத்திரி நான்தான் இருக்கேன்னாரு. அன்னைலேந்து ஆளுங்க இருந்தா என்னை சார்னுதான் கூப்பிடறாரு. ஆளு இல்லாதப்பவும் மூக்கான்னு கூப்பிடறத விட்டுட்டாரு. அத நெனச்சா வெக்கமா இருக்கு. இது வெளில சொல்ற விஷயமா? உங்களப் பாத்து ஒரு மணி நேரம் ஆகல, உங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டிருக்கேன்.

வீட்டுக்குக் கூப்பிட்டேனே. அதுக்கப்புறம் ஒரு தடவ கூப்பிட்டேன், மாடில வந்து இருங்கண்ணேன்னு. வீட்டுக்கும் காவல் வேணுமா சார்னு சிரிச்சுட்டே கேட்டாரு. நானும் சிரிச்சு வெச்சேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு. இப்ப தெனமும் அந்த மொகத்தப் பாக்க வேண்டியிருக்கு. அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு, டீ போட்டுக் குடுப்பாரு. அவரு அந்தப் பக்கம் திரும்புனதும் நான் அதத் தண்ணில ஊத்திருவேன்.

இல்ல, விக்கறது அவருக்குத் தெரியாது. எஞ்சின் பாக்க மெக்கானிக்கு வர்றாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். திரும்பி வந்தா நீங்களும் அப்படியே... சரி, வேணாம். உங்களையும் பொய் சொல்லச் சொல்றது தப்பு.

புதுசா? ஜம்முனு இருக்கும் சார். வெள்ளை வெளேர்னு. சாவியத் தொட்டாப் போதும், சத்தமே இல்லாமக் கெளம்பும். ஆறு பேரு உக்காரலாம், மேல மடக்கற கூரை. கேபினா? கேபின் இல்ல சார், திறந்த போட்டு. அதவிட நல்லதா இன்னும் ரெண்டு வந்துச்சு, வெலையும் கம்மி. தரகரு விடாம அதத்தான் காட்டுனாரு. ரெண்டுலயும் கேபின் இருந்துச்சு. வேணாம், படுக்க எடமே இல்லாத போட்டாக் காட்டுங்கன்னேன். கெளம்புங்கண்ணேன்னு என் வாயால சொல்ல வரல, அதான்.