அக்கா போட்ட தாளம்

"ஏசுசாமி பொறக்கறதுக்குள்ள நீ பாட்டையே முடிச்சுட்டே!"

லஸ் போகும் டிராமில் என் முன்சீட்டில் இரண்டு சாந்தோம் சகோதரிகள். சீறியது அக்கா. தங்கை மடியில் குட்டி கிடார் மாதிரி ஒரு யுகுலேலே.

"நேத்து கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போன வீட்டுல எல்லாரும் ரெண்டாவது அடியில இருக்காங்க, நீ கடைசி அடியை முடிச்சுட்டு முழிக்கறே. மானம் போச்சு! மணிக்கட்டைத் தளர்த்தி மீட்டுன்னா முழங்கையால அடிக்கறே. அதான் ஓடுது."

"மணிக்கட்டு ஒழுங்காத்தான் இருந்துது. நீ காலால போட்ட தாளத்தைப் பார்த்துத்தானே வாசிச்சேன்!"

"என் தாளத்துக்கு என்னடி கேடு?"

"அந்த வீட்டுப் பையன் சேவியர் உன்னைப் பார்த்துச் சிரிச்சான். அப்பலேருந்து உன் காலைப் பிடிக்கவே முடியலை."

அக்காவின் குரல் தணிந்தது, கோபம் தணியவில்லை.

"அப்பாகிட்ட சொன்னே, நாலு கம்பியையும் அறுத்துடுவேன்."