அந்தச் சாய்வு யாருடையது?

– அந்தச் சுத்தியலைக் கீழ வை, மொன்லே.

– முடியாது லூவாண்ணே. என் ஆறு படத்தையும் கழட்டிட்டு உன்கூடவே ஊருக்கு பஸ் ஏறுறேன்.

– சாயங்காலம் கண்காட்சி திறக்குறாங்க! இடுப்பொடிய பஸ்ல அபிஜான் நகரம் வரைக்கும் வந்தது எதுக்கு? நீ ஆணி புடுங்குறதைப் பார்க்கவா?

– பாரிஸ்ல இருந்து வந்த விமர்சகர் பார்த்துட்டுச் சிரிச்சார்ணே. “நூறு வருஷத்துக்கு முன்னாடியே எங்க ஓவியர் போட்ட முகம் இது, நல்லா காப்பியடிச்சிருக்கே”ன்னார்.

– அடப்பாவி! அந்த ஓவியர் எதைப் பார்த்துப் போட்டாராம்?

– நம்ம முகமூடியைத்தான். வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்தாராம்.

– சுவத்துலயா? ஆடுறப்ப கட்டுற நார்ப்பாவாடை இல்லாம, மேளம் இல்லாம?

– ம்...

– நம்ம சட்டையை எடுத்துட்டுப் போனவங்க, நம்மளைப் பார்த்தே “எங்க சட்டை மாதிரி இருக்கே”ங்குறாங்களா!

– சிரிக்காதேண்ணே. எனக்கு அழுகையா வருது.

– சரி சரி... உன் படத்துல முகமூடி ஆடுது பாரு. புழுதி பறக்குது. அந்த ஓவியர் படத்துல?

– வெறும் முகம். ஆனா அதுவும் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. அந்தச் சாய்வு அவரோட கண்டுபிடிப்பாம். அதுலதான் மாட்டிக்கிட்டேன்.

– நீ எங்க பார்த்தே அந்தச் சாய்வை?

– நம்ம ஊர் அறுவடைத் திருவிழாவுல. பன்னெண்டு வருஷமா.

– அதைச் சொல்ல வேண்டியதுதானே!

– ஏன் சாயுதுன்னு அந்த விமர்சகர் கேட்டாரே...

– சொல்லு!

– பொம்பளை நான் எப்படிச் சொல்ல? முகமூடிக்குள்ள ஆளே கிடையாது, காட்டுல இருந்து வர்ற ஆவின்னுதானே எங்களுக்குச் சொல்லியிருக்கீங்க.

– ஆவிதான். அதுல என்ன சந்தேகம்?

– சந்தேகமே இல்ல. நீதான் ஒரு திருவிழாவையும் பார்த்ததில்லையே. அன்னிக்குன்னு டனானே சந்தைக்குப் போயிடுவே.

– வேலை இருக்கும்...

– வெறுங்கையோட திரும்புவே.

– விலை ஏறியிருக்கும்... ஏய், சந்தையை விடு! ஏன் சாயுதுன்னு சொல்லு.

– அந்த ஆவிக்கு இடது முழங்கால் வலிக்குதுண்ணே. சுத்தும்போது தாங்கல... சாஞ்சு சமாளிக்குது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கிடந்து அடிச்சுக்கும். அதைத்தான் வரைஞ்சேன். யார் படத்தையும் பார்த்து இல்ல.

– முழங்காலா?

– ஆமாண்ணே. தப்பாச் சொல்லிட்டேனா?

– தப்புதான். இடது இல்ல, வலது. நீ எதிர்ல நின்னு பார்த்திருக்கே... சுத்தியலைக் குடு, கழட்டுன படத்தை நானே மாட்டுறேன்.