வாய் உலரும்போது வரும் வாசனை

எனக்கு டீ, காப்பி பழக்கம் கிடையாது, மேடம். வெந்நீர் போதும். நீங்கள் தாராளமாகக் குடியுங்கள். உங்கள் ஆள் எழுதிக்கொள்ள வசதியாக நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

செயற்கை உயிரியல் என்றால் என்ன என்று முதலில் கேட்டீர்கள். நல்ல கேள்வி. விசாரணைக்கு வந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் அதைக் கேட்டீர்கள். ஒரு கிருமியை மிகச் சின்ன இயந்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு பாகம் உணரும், ஒரு பாகம் சுவிட்ச் போடும், ஒரு பாகம் எதையாவது தயாரிக்கும். இங்கிருந்து சுவிட்சைக் கழற்றி அங்கே மாட்டினால், அது அங்கேயும் வேலை செய்யும். கழற்றுவதும் மாட்டுவதும்தான் எங்கள் பிழைப்பு.

சிக்கல் என்னவென்றால், இதைத் தனித் துறை என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னுரிமை கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அரசு ஒரு நிபுணர் குழு போட்டது. நான் அதன் செயலாளர். வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால், என் ஆய்வுக்கூடத்தை மாட்டுத்தீவனப் பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். மாடுகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனாலும் வாழ்நாள் உழைப்பு.

குழுவில் பாலம் கட்டும் பொறியாளர் ஒருவர் இருந்தார். பெரிய மனிதர், பெரிய குரல். அவர்தான் முட்டுக்கட்டை.

"தம்பி, நட்டு போல்ட்டு எந்தக் கடையில வாங்கினாலும் மாட்டும். அது பொறியியல். உங்க பூச்சி அப்படி மாட்டுமா?"

"மாட்டும் சார். குடுவையில செஞ்சு காட்டினேனே."

"குடுவையில என்ன வேணா நடக்கும். வெளிய செஞ்சு காட்டு, கையெழுத்துப் போடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குறித்துக்கொண்டேன். அவர் சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான்.

மனிதர் வாயில் சாதுவாக வாழும் ஒரு கிருமியை எடுத்துக்கொண்டேன். பதற்றத்தில் வாய் உலரும், உமிழ்நீர் கெட்டியாகும். அதை உணரும் சுவிட்ச் ஒன்றை வேறொரு கிருமியிலிருந்து கழற்றி இதில் மாட்டினேன். வாழைப்பழ வாசனையை உண்டாக்கும் பாகத்தை ஈஸ்ட்டிலிருந்து எடுத்தேன். ஆக, வாய் உலர்ந்தால் வாசனை வரும். புளுகும்போது பலருக்கு வாய் உலரும் என்பது கூடுதல் வசதி. பல்லாயிரம் வாசனைகளில் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், யாருக்கும் அருவருப்பு வரக்கூடாது என்பதுதான். அந்தக் கரிசனத்தை யாரும் கவனிக்கவில்லை.

பாதுகாப்பும் வைத்தேன். காஃபீன் என்ற இரசாயனம் கிடைக்கும் வரைதான் அது உயிரோடிருக்கும். கிடைக்காவிட்டால் செத்துவிடும். எங்கள் கூடத்தில் காஃபீன் பூட்டிய அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம்.

முதல் சோதனையை என் மனைவியிடம் செய்தேன். அவள் பல் டாக்டர். ஆரோக்கியமான ஈறுகள். பல் தேய்க்கும் பிரஷ்ஷில் ஒரு சொட்டு. சொல்லவில்லை, சொன்னால் பதற்றப்படுவாள், முடிவு பிசகிவிடும். சில நாள் கழித்து என் உரையை வாசித்துக் காட்டி, "எப்படி இருக்கு?" என்றேன். "ரொம்ப நல்லா இருக்குங்க," என்றாள். வீடு முழுக்கப் பழ வாசனை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கருவி வேலை செய்கிறது.

அடுத்த கூட்டத்தில் தண்ணீர் ஜாடியில் கலந்தேன்.

அதற்கடுத்த கூட்டம் நான் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக நடந்தது. "எல்லாத் தரப்பையும் கேட்டோம்," என்றார் தலைவர் அம்மா. லேசாக வாசனை. "அறிக்கையை வரி விடாம படிச்சேன்," என்றார் சுகாதாரத் துறைக்காரர். அறை கமகமத்தது.

"யாருய்யா பையில பழம் வெச்சிருக்கறது? எடுத்து எல்லாருக்கும் குடுங்க," என்றார் பொறியாளர். பிறகு பேச்சோடு பேச்சாக, "நாங்க கட்டினதெல்லாம் கல்லு மாதிரி நிக்குது," என்றார். அவ்வளவு முற்றிய வாசனையை நான் குடுவையில்கூடக் கண்டதில்லை. அவர் கட்டிய ஆற்றுப்பாலம் ஒன்றைப் பிறகு சோதித்து மூடியதில் ஓரளவு எனக்கும் பங்கு உண்டு. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

குழுவோடு நின்றிருந்தால் அழகான சோதனை. நிற்கவில்லை. அமைச்சகத்தில் பரவியது, பிறகு நகரப் பேருந்துகளில். தன்னிடம் வந்த நோயாளிகளின் வாய்கள் ஒரே மாதிரி மணப்பதைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவருக்கும் எங்கே வேலை என்று விசாரித்து, நூல் பிடித்து என்னிடமே வந்து நின்றவள் என் மனைவி.

"காஃபீன் இல்லாட்டி செத்துடும்," என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"காஃபீன் எங்க இருக்கு தெரியுமா உங்களுக்கு?"

"பூட்டின அலமாரியில, மூணாவது தட்டுல."

அவள் தன் காப்பிக் கோப்பையை என் முன்னால் நகர்த்தினாள். காஃபீன் எனக்கு இரசாயனமாகவே பழகிய பொருள். ஊரே அதைக் காலை மாலை குடிக்கிறது என்பது அந்தக் கோணத்தில் எனக்குத் தோன்றவேயில்லை.

சில சங்கடங்கள் நேர்ந்தன, மறுக்கவில்லை. நேர்முகத் தேர்வுகள் நின்றன. பழக்கடைக்காரர்களை ஜனங்கள் முறைத்தார்கள். ஒரு மருத்துவமனையில் மகனும் மகளும் படுக்கையருகே குனிந்து, "சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்பா," என்றார்களாம். பெரியவர் மூச்சை இழுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அப்படிப் பல வார்டுகளில் நடந்ததாகச் சொல்கிறார்கள். மூக்கு நன்றாக வேலை செய்தது என்றுதான் அதற்கு அறிவியல்ரீதியாகப் பொருள்.

ஆனால் பலனையும் பார்க்க வேண்டும். என் கிருமியை ஒழிக்க வேறு கிருமி செய்ய வேண்டும், அதைச் செய்ய எங்கள் துறை வேண்டும். அரசு செயற்கை உயிரியலை நாட்டின் தலையாய முன்னுரிமை என்று அறிவித்தது. அமைச்சர் அறிவித்தபோது மேடையில் துளி வாசனை இல்லை என்கிறார்கள். பொறியாளரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாட்டுத்தீவனப் பிரிவைத்தான் இப்போது எங்களோடு சேர்க்கிறார்கள்.

ஆகவே, ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். கருவி துல்லியமானது, ஒருமுறைகூடத் தவறியதில்லை.

நேற்றுவரை. நேற்று என் மனைவி என்னைப் பார்க்க இங்கே வந்தாள். "உங்க மேல கோவம் இல்ல," என்றாள். அறை முழுக்கப் பழ வாசனை. சரிதான் என்று குறித்துக்கொண்டேன். அடுத்து, "இனிமே உங்ககூட வாழ மாட்டேன்," என்றாள். வாசனை வரவில்லை. கம்பிக்கு இடையே மூக்கை நுழைத்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். பொறுமையாக மறுபடியும் சொன்னாள். அப்போதும் இல்லை.

புருஷனை விட்டுப் போகிற பெண்ணுக்குக் கொஞ்சமாவது வாய் உலர வேண்டாமா, மேடம்? சுவிட்சில்தான் ஏதோ கோளாறு. ஒரு வாரம் வெளியே விட்டால் சரிசெய்துவிடுவேன்.